மாப்பிள்ளை கேட்ட வாட்ச்

எங்கள் வீட்டு மாப்பிள்ளை என்னிடம் வாயைத் திறந்து கேட்டது ஒரே ஒரு பொருள்தான். அந்த ஒரு பொருள் என்னைப் படுத்திய பாடு இருக்கிறதே, சீர்வரிசை முழுவதையும் பட்டியல் போட்டுக் கேட்டிருந்தால்கூட நான் இவ்வளவு குழம்பியிருக்க மாட்டேன்.

நாங்கள் தங்கவயல்காரர்கள். அதற்கும் முன்னால் வட ஆற்காடு. அப்பா சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர். எனக்குக் கல்யாணமாகி பெங்களூர் வந்த நாளிலிருந்து அடுகோடியில்தான் வாசம். இங்கே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன். வீட்டுக்காரர் சிட்டி பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் மாறினாலும் எங்கள் ஜனங்களிடம் ஒரு வழக்கம் மாறவில்லை. நிச்சயதார்த்தத்தன்று சூட்டுத் துணி, ஷூ, மோதிரம் எல்லாம் தட்டில் வைத்துப் போகும். வாட்ச் மட்டும் தட்டில் வைக்க மாட்டோம். பெண்ணைப் பெற்றவர் சபையில் எல்லாரும் பார்க்க, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, தன் கையாலேயே கட்டிவிட வேண்டும். அன்றைக்குச் சாப்பாடு எப்படி இருந்தது என்று ஊர் மறந்துபோகும். என்ன வாட்ச் கட்டினார்கள் என்பதை மறக்காது.

எங்களுக்கு ஒரே மகள். பிசியோதெரபி படித்துவிட்டு ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். பக்கவாதம் வந்தவர்களுக்கும் முட்டி ஆப்பரேஷன் ஆனவர்களுக்கும் வெந்நீர்க் குளத்துக்குள்ளேயே நிற்க வைத்து உடற்பயிற்சி சொல்லித்தருகிற வேலை. பாதி நாள் இடுப்பளவு தண்ணீரில்தான் நிற்பாள். மாப்பிள்ளையின் அப்பா அங்கே நோயாளியாக வந்தவர். அவரைத் தினமும் காரில் கூட்டிக்கொண்டு வந்த பிள்ளை, அப்பா நடக்க ஆரம்பித்த பிறகும் ஏதோ சாக்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டே இருந்திருக்கிறார். மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

அவர்கள் மல்லேஸ்வரத்துக்காரர்கள். மூன்று தலைமுறையாக அங்கேயே இருப்பவர்கள். தாத்தா அரசாங்க உத்தியோகம், அப்பா அரசாங்க உத்தியோகம், பிள்ளை கம்ப்யூட்டர் கம்பெனி. சொந்த வீடு, வாசலில் சம்பங்கி மரம். தமிழ் பேசிக்கொண்டிருக்கும்போதே கன்னடத்துக்குத் தாவி, அங்கிருந்து இங்கிலீஷுக்குப் போய், மறுபடி தமிழுக்கு வருகிற குடும்பம். நாங்களோ சுரங்கத்துக் குடும்பம், பஸ் டிரைவர் வீடு. என் மனசில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: நாளைக்கு அந்த வீட்டில் என் மகளைப் பார்த்து யாரும் ஒரு சொல் குறைவாகச் சொல்லிவிடக் கூடாது. நான் பட்ட பாடெல்லாம் அதற்காகத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்தார். பஜ்ஜி போட்டுக் கொடுத்து, காபியும் கொடுத்துவிட்டு, மெதுவாக ஆரம்பித்தேன்.

“தம்பி, வாட்ச் எந்த மாதிரி வேணும்னு நீங்களே சொல்லிட்டா எங்களுக்கும் சுலபமா இருக்கும். வாங்கின பெறகு புடிக்கலேன்னா கஷ்டம் பாருங்க.”

இந்த மாதிரி கேட்டால் பிள்ளைகள் என்ன சொல்வார்கள்? “உங்க இஷ்டம் ஆண்ட்டி” என்பார்கள். நாமும் விட்டுவிட்டு நம் இஷ்டத்துக்கு வாங்குவோம். இவர் அப்படிச் சொல்லவில்லை. சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்த என் மகளை ஒரு தரம் பார்த்தார். உடனே போனை எடுத்தார். படம் தயாராக இருந்தது.

“இது போதும் ஆண்ட்டி. இதேதான் வேணும். இதைவிட பெருசா எதுவும் வேணாம், ப்ளீஸ்.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். தடியான ஸ்டீல் வாட்ச். கறுப்பு முகம், குண்டு முள், எண்ணுக்குப் பதிலாக வட்ட வட்டமாக வெள்ளைப் பொட்டுகள். முகத்தைச் சுற்றி இன்னொரு வளையம், அதில் பத்து, இருபது, முப்பது என்று எழுதியிருந்தது. கடலுக்கு அடியில் முங்குகிறவர்கள் கட்டுவதாம். கீழே விலை போட்டிருந்தது. நான் மனசில் ஒதுக்கி வைத்திருந்ததில் பாதியின் பாதிகூட வரவில்லை.

அப்பாடா என்று இருந்தது. தங்கமான பிள்ளை, நம்மைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்று பார்க்கிறது என்று பூரித்துப்போனேன். அவர் கார் எங்கள் தெருமுனை திரும்புகிற வரைக்கும்தான் அந்தப் பூரிப்பு நின்றது.

ஏன் குறைவாகக் கேட்டார்? எங்களால் முடியாது என்று நினைத்துவிட்டாரா? அவர் அம்மா சொல்லி அனுப்பியிருப்பாரா, பாவம் அவங்ககிட்ட எதுவும் கேட்காதே என்று? ‘பெருசா எதுவும் வேணாம்’ என்று சொன்னாரே, வாட்சைத்தான் சொன்னாரா, வேறு எதையாவது சொன்னாரா? எனக்கு மண்டை காய ஆரம்பித்தது.

“நல்ல பையன்மே. வாய்விட்டு கேட்டுக்கீறான், வாங்கி கட்டிட்டு போவோம். சும்மா இல்லாததெல்லாம் யோசிக்காத” என்றார் வீட்டுக்காரர்.

அவருக்கு என்ன, எதைச் சொன்னாலும் பிரேக் போடாமல் போய்விடுவார். தங்கவயலில் இருக்கும் என் தங்கைக்குப் போன் போட்டேன். அவளாவது தெளிவு சொல்வாள் என்று பார்த்தால் இன்னும் கலக்கிவிட்டாள்.

“அக்கா, நெறைய கேக்கறவங்கள நம்பிடலாம். கொறைவா கேக்கறவங்ககிட்டதான் உஷாரா இருக்கணும். நாளைக்கே ஒரு பேச்சு வந்துச்சுன்னு வெச்சுக்கோ, உங்க வீட்ல இன்னா பெருசா செஞ்சாங்கன்னு உன் பொண்ணுதான் கேட்டுக்கணும். அப்ப போய், உங்க புள்ளதான் வேணான்னாருன்னு சொல்ல முடியுமா?”

அவள் போனை வைத்துவிட்டாள். என் தூக்கம் போயிற்று.

மறுநாளே வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். வாசலில் காவல்காரர் கதவைத் திறந்துவிடுகிற கடை. உள்ளே ஏசி குளிர். கையுறை மாட்டிக்கொண்டு ஒரு விற்பனையாளர் எங்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். முதலில் அந்த முங்கு வாட்சைக் காட்டச் சொன்னேன். அப்புறம், “இதைவிட நல்லதா, மாப்பிள்ளைக்குக் கட்டற மாதிரி காட்டுங்க” என்றேன்.

அவர் ஒரு பெட்டியைத் திறந்தார். சும்மா சொல்லக் கூடாது, அழகு என்றால் அழகு. அப்பளம் மாதிரி மெல்லிசு. தங்க நிற விளிம்பு. வெள்ளை முகத்தில் எண்ணும் இல்லை, பொட்டும் இல்லை, மயிரிழை போல கோடுகள். இரண்டே முள். தோல் பட்டை. விலையைக் கேட்டேன். வீட்டுக்காரர் தண்ணீர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

இங்கேதான் என் குழப்பம் முழு வேகம் பிடித்தது. நான் கணக்கு டீச்சர். இரண்டு பொருளைக் கொடுத்தால் எது பெரிது, எது சிறிது என்று பார்க்காமல் இருக்க முடியாது.

“இது தண்ணியில போட்டுக்கலாமா?”

“முப்பது மீட்டர் வாட்டர் ரெசிஸ்டன்ட் மேடம்.”

“அப்போ முப்பது மீட்டர் ஆழத்துக்கு முங்கலாம்.”

“ஐயய்யோ, இல்ல மேடம்! கை கழுவறப்ப நாலு சொட்டு தெறிச்சா பரவாயில்ல, அவ்ளோதான். குளிக்கறதுக்கு முன்னாடி கழட்டிடணும். மழையில மாட்டிக்கிட்டா உள்பாக்கெட்ல வெச்சுக்கணும்.”

கேட்டீர்களா அநியாயத்தை! முப்பது மீட்டர் என்று எழுதி வைத்துவிட்டு மழைக்குப் பயப்படச் சொல்கிறார். பக்கத்தில் கால்வாசிகூட விலையில்லாத அந்தத் தடியன் இருநூறு மீட்டர் தாங்குமாம். அதைக் கட்டிக்கொண்டு நீந்தலாமாம், குதிக்கலாமாம், சுவரில் இடித்துக்கொள்ளலாமாம்.

“சரி, விலை அதிகமானது நேரமாவது துல்லியமா காட்டுமா?”

“இது சாவி கொடுக்கற மெக்கானிக்கல் மேடம். தினமும் சாவி கொடுக்கணும். ஒரு நாளைக்கு சில செகண்ட் முன்ன பின்ன போகும்.”

“அதனாலதான் செகண்ட் முள்ளே வெக்கல போல” என்றார் வீட்டுக்காரர், ரொம்ப சீரியஸாக. விற்பனையாளர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கையுறையைச் சரிசெய்துகொண்டார்.

எனக்குப் புரிந்த கணக்கு இதுதான். விலை ஏற ஏற வாட்சுக்கு உடம்புக்கு முடியாமல் போகிறது. தண்ணீர் ஆகாது, எதிலும் இடிக்கக் கூடாது, தினமும் கவனிக்க வேண்டும், இருட்டில் தெரியாது. விலை குறைந்தது எல்லாம் செய்கிறது, இருட்டில் பச்சையாக ஒளிர வேறு செய்கிறது. அப்படியானால் எதற்காக அந்த விலை என்று கேட்டேன். “ஃபினிஷிங் மேடம், கையால செய்யற வேலை, அந்த கிளாஸ் தனி” என்றார். அந்த கிளாஸ் என்ற சொல்தான் என் மனசில் போய் உட்கார்ந்தது. மல்லேஸ்வரத்து வீட்டுக்கு அந்த கிளாஸ்தானே பொருத்தம்?

வீட்டுக்காரர் அதற்குள் தடியனைக் கையில் எடுத்துவிட்டார். சுற்றியிருந்த வளையத்தைத் திருகினார். கிளிக், கிளிக் என்று ஒரு பக்கமாக மட்டும் திரும்பியது. அது எதற்கு என்று விற்பனையாளர் விளக்கினார். வளையத்தில் ஒரு முக்கோணப் பொட்டு இருக்கிறது. அதை நிமிஷ முள்ளுக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டால், அதிலிருந்து எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று வளையத்தில் அப்படியே படித்துக்கொள்ளலாம். தண்ணீருக்குள் இருப்பவர்கள் காற்று தீர்வதற்குள் மேலே வர வேண்டுமே, அதற்காக.

“டிரிப் டைம் பாக்க சூப்பரா இருக்கும்” என்றார் வீட்டுக்காரர் ஆசையாக.

“நீங்க ரிடையர் ஆயாச்சு. மாப்பிள்ளைக்கு எதுக்கு இது? எங்க போய் முங்கப்போறாரு, சாங்கி ஏரியிலயா?”

அதைச் சொன்ன பிறகுதான் எனக்கே இன்னொன்று உறைத்தது. மாப்பிள்ளைக்கு நீச்சல் தெரியாது. அப்பாவைக் குளத்தில் இறக்கிவிட்டுச் சுவரோரமாக ஒட்டிக்கொண்டு நிற்பார் என்று என் மகள் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். தண்ணீரைக் கண்டால் பயப்படுகிற மனுஷனுக்கு எதற்கு இருநூறு மீட்டர் முங்குகிற வாட்ச்? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆக, விலை குறைவு என்பதற்காகத்தான் எதையோ கையில் அகப்பட்டதைக் காட்டியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

இருந்தாலும் அந்த வீட்டு நடைமுறை என்ன என்று ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று, நாள் குறிப்பது பற்றிப் பேசுகிற சாக்கில் மல்லேஸ்வரம் போனோம். அங்கே யார் கையில் என்ன வாட்ச் இருக்கிறது என்று பார்ப்பதுதான் என் ரகசிய வேலை. சம்பந்தி அம்மாள் அருமையான காபி கொடுத்தார். அவர் கையில் வளையல்தான். சம்பந்தி இடது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது இன்னும் முழுசாகச் சொன்னபடி கேட்பதில்லை. அவர் கையிலும் வாட்ச் இல்லை.

“உங்க பொண்ணு இல்லேன்னா நான் இன்னும் பெட்லதான் கெடந்திருப்பேன். தண்ணிக்குள்ள நிக்க வெச்சு அப்படி மெரட்டுவா பாருங்க. எனக்கு ஆபீஸ்ல பெரிய சாஹேப்கூட அவ்ளோ பயம் கெடையாது” என்றார் சம்பந்தி.

நான் சிரித்தேன். காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. என் கண் சுவரில் கடிகாரம் எந்த மாதிரி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது. பேச்சோடு பேச்சாக, வாட்ச் வாங்கப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று போட்டுப் பார்த்தேன்.

“அய்யோ, அதெல்லாம் எதுக்குங்க? இப்ப யாரு வாட்ச் கட்டறாங்க, எல்லாம் போன்லயே பாத்துக்கறாங்க. சும்னே வீண் செலவு” என்றார் சம்பந்தி அம்மாள்.

முகத்தில் கபடம் எதுவும் இல்லை. ஆனால் எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. எதுக்கு என்றால் என்ன அர்த்தம்? வேண்டாம் என்கிறாரா, உங்களால் ஆகாது என்கிறாரா? திரும்பி வரும்போது மெட்ரோவில் உட்காரக்கூட இடமில்லை. நின்றுகொண்டே வீட்டுக்காரரைக் கேட்டேன். “எதுக்குன்னா எதுக்குன்னுதாம்மே அர்த்தம்” என்றார். இந்த மனுஷனோடு நான் எப்படித்தான் இத்தனை வருஷம் குடித்தனம் செய்தேனோ!

அப்புறம் இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கினோம். நாலாவது கடைக்கு மகளையும் வரச் சொன்னேன். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தாள், தலை ஈரம் காயாமல், மேலெல்லாம் குளோரின் வாசனை அடிக்க. மாப்பிள்ளை காட்டிய அதே தடியனை அந்தக் கடையில் வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். அவள் கேட்காமல் கொள்ளாமல் எடுத்துத் தன் கையில் மாட்டிக்கொண்டாள். வளையத்தைத் திருகினாள். காதருகே கொண்டுபோய்ச் சத்தம் கேட்டாள்.

“இது நல்லாத்தானம்மா இருக்கு. அவரும் இதுதானே கேட்டாரு?”

“கழட்டுடி. கீறல் விழுந்தா நம்ம தலையில கட்டிடுவான். உன் கைக்கு எதுக்கு அளவு பாக்கற, அவர் கை உன்ன மாதிரி ரெண்டு மடங்கு.”

அவள் கழற்றி வைத்துவிட்டாள். நான் விலை உயர்ந்த வெள்ளை முகத்தைக் காட்டி, இது எப்படி என்றேன். “அழகா இருக்கு” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. டியூட்டி பார்த்த களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று வீட்டில் பெரிய சண்டை. பையன் கேட்டதை வாங்கிக் கொடுக்காமல் கேட்காததை வாங்கிக் கொடுப்பது என்ன மரியாதை என்றார் வீட்டுக்காரர். கேட்டதை மட்டும் வாங்கிக் கொடுத்தால் நம்மால் அவ்வளவுதான் முடியும் என்று எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடாதா என்றேன் நான். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் தொல்லை. ஒரு நாள் தடியன்தான் சரி என்று எழுந்திருப்பேன், காபி குடித்து முடிப்பதற்குள் தங்கை சொன்னது ஞாபகம் வந்து வெள்ளை முகத்துக்குத் தாவிவிடுவேன். சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் ரோஷம்தான் ஜெயித்தது. வெள்ளை முகத்தையே வாங்கினோம்.

நிச்சயதார்த்தம் எங்கள் பகுதியில் ஒரு சின்ன மண்டபத்தில். தட்டு மாற்றி முடிந்ததும் வீட்டுக்காரரை எழுப்பிவிட்டேன். பெட்டியைத் திறந்ததும் முன் வரிசையில் ஒரு சலசலப்பு. என் தங்கை கழுத்தை நீட்டிப் பார்த்தாள். எனக்கு வயிறு குளிர்ந்தது. வீட்டுக்காரர் மாப்பிள்ளையின் இடது கையைப் பிடித்தார். அவர் கண் கலங்கிவிட்டது. எப்படியோ கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

பார்த்தால், மாப்பிள்ளை கையில் வாட்ச் முகத்தையே காணோம்! வெறும் தோல் பட்டைதான் தெரிகிறது.

எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. இந்த மனுஷன் ஆயுசு முழுக்க ஸ்டியரிங் பிடித்தவர். இரண்டு கையும் சக்கரத்தில் இருக்கும்போது கையைத் திருப்பாமல் மணி பார்க்க வேண்டும் என்று, வாட்ச் முகத்தை உள்ளங்கைப் பக்கமாக வைத்துக் கட்டிப் பழகியவர். டிரைவர்கள் பல பேர் அப்படித்தான் கட்டுவார்கள். அந்தப் பழக்கத்தில் மாப்பிள்ளைக்கும் உள்பக்கமாகக் கட்டித் தொலைத்துவிட்டார். போட்டோக்காரர், “சார், வாட்ச வெளிய திருப்புங்க, தெரியல” என்று கன்னடத்தில் கத்தினார். வீட்டுக்காரர் முகம் செத்துப்போயிற்று. எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் என்றிருந்தது.

மாப்பிள்ளை கையை நகர்த்தவே இல்லை.

“இப்படியே இருக்கட்டும். மாமா கட்டின மாதிரியே எடுங்க” என்றார்.

எல்லாப் படத்திலும் அப்படியேதான் நிற்கிறார். அத்தனை அலைந்து வாங்கிய வாட்ச் ஒரு படத்தில்கூட விழவில்லை. அந்தப் பிள்ளை பெருந்தன்மையாக நடந்துகொண்டதற்குச் சந்தோஷப்படுவதா, வாட்ச் தெரியாமல் போனதற்கு அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் என் மகள் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். வெட்கப்படுகிறாள் என்று என் தங்கை கிண்டல் செய்தாள்.

நிச்சயம் முடிந்த பிறகு மாப்பிள்ளை நாலைந்து முறை வீட்டுக்கு வந்தார். ஒரு முறையும் கையில் வாட்ச் இல்லை. முதல் முறை மறந்திருப்பார் என்று விட்டேன். இரண்டாவது முறை மழை நாள், சரி என்று விட்டேன். அப்புறம் பொறுமை போய்விட்டது. கல்யாணப் புடவை எடுக்க என் மகளைக் கூட்டிப்போக வந்தவர், அவள் உள்ளே கிளம்பிக்கொண்டிருந்தபோது வராந்தாவில் தனியாக அகப்பட்டார்.

“தம்பி, மறைக்காம சொல்லுங்க. வாட்ச் புடிக்கலியா?”

“அய்யோ, அப்படியெல்லாம் இல்ல ஆண்ட்டி. பீரோவுல பத்திரமா வெச்சிருக்கேன்.”

“பீரோவுக்கா வாங்கிக் குடுத்தோம்?”

அவர் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ஆண்ட்டி, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. நான் காட்டினேனே, அது எனக்கில்ல. அவளுக்கு. குளத்துக்குள்ள போன் எடுத்துட்டு போக முடியாது. ஒவ்வொரு பேஷன்ட்டுக்கும் எத்தனை நிமிஷம்னு மனசுக்குள்ளயே எண்ணிக்கிட்டு நிப்பா. அந்த வளையத்த திருப்பி வெச்சா போதும்னு அவளேதான் தேடி கண்டுபிடிச்சா. நீ எனக்குன்னு கேளு, அப்புறம் உன்கிட்டருந்து நான் வாங்கிக்கறேன்னு சொன்னா. நான் கேட்டேன். நீங்க அதைவிட பெருசா...” என்று இழுத்தார். “எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல ஆண்ட்டி.”

மாப்பிள்ளைக்கு நீச்சல் தெரியாது, முங்கு வாட்ச் எதற்கு என்று அத்தனை யோசித்தேனே, தினமும் தண்ணீரில் நிற்கிறவள் ஒருத்தி என் வீட்டிலேயே இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் உடனே வேறொரு குழப்பம் வந்து பிடித்துக்கொண்டது. சம்பாதிக்கிற பெண், தானே வாங்கிக்கொள்ளக் கூடாதா? இல்லை, என்னிடம் வாய்விட்டுக் கேட்கக் கூடாதா? பெற்ற தாயிடம் கேட்பதற்கு நடுவில் ஒரு ஆள் எதற்கு? கோபம் கோபமாக வந்தது.

அடுத்த விடுமுறை நாளில் காலையில் அவளைப் பலகை போட்டு உட்கார வைத்து எண்ணெய் தேய்த்தேன். குளோரின் தண்ணீரில் நின்று நின்று தலைமுடி தேங்காய் நார் மாதிரி ஆகியிருந்தது. இரண்டு தரம் ஊற்றியும் குடித்துக்கொண்டே இருந்தது. அவள் முதுகு என் பக்கம் இருந்ததால் கேட்பது சுலபமாக இருந்தது.

“ஏண்டி, அந்த வாட்ச் உனக்கு வேணும்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? வாங்கிக் குடுத்திருக்க மாட்டேனா?”

அவள் திடுக்கிடவில்லை.

“சொல்லிட்டாரா? வாய் நிக்காது அவருக்கு” என்றாள். அப்புறம், “குடுத்திருப்பம்மா. கேட்டிருந்தா உடனே குடுத்திருப்ப. போய் வாங்கிக்கோன்னு கார்டை எடுத்து கையில குடுத்திருப்ப.”

“பெறகு இன்னா?”

“அவருக்கு வாங்கின மாதிரி வாங்கியிருக்க மாட்ட. நாலு கடை ஏறி எறங்கி, சித்திக்கு போன் போட்டு, அப்பாகூட சண்ட புடிச்சிக்கினு, சோறு எறங்காம... எனக்காக நீங்க ரெண்டு பேரும் ஒரு தடவ அப்படி அலையணும்னு ஆசையா இருந்துச்சு. மாப்பிள்ளைக்குன்னு சொன்னாதானே அலைவீங்க? அதான் அவர கேக்கச் சொன்னேன். நான் எடுத்த வாட்சுக்கு நீங்க அலையறத பாத்துட்டு, அப்புறம் வாங்கிக்கலாம்னு இருந்தேன்.” சிரித்தாள். “நல்லாத்தான் அலைஞ்சீங்க. வேற வாட்சுக்கு.”

என் கை நின்றுவிட்டது. உனக்காகத்தானேடி அலைந்தேன், உன்னை அங்கே யாரும் ஒன்றும் சொல்லிவிடக் கூடாது என்றுதானே அத்தனையும் என்று வாய் வரைக்கும் வந்தது. வந்ததை விழுங்கிவிட்டேன். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

“தேய்மா, ஏன் நிறுத்திட்ட?” என்றாள்.

தேய்த்தேன். அழுகை வந்ததா, கோபம் வந்ததா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. அப்படியே எழுந்துபோய் அந்த வாட்சை வாங்கிக்கொண்டு வந்து அவள் கையில் கட்டிவிட வேண்டும் என்று ஒரு வேகம் வந்தது. போனால் அரைமணி நேர வேலை. எந்தக் கடையில் இருக்கிறது, எங்கே விலை குறைவு, எந்த விற்பனையாளர் நல்லவர் எல்லாம் எனக்கு மனப்பாடம். அந்த வாட்சுக்காக அலைவதற்கு இனிமேல் ஒரு கடைகூட மிச்சமில்லை.